தியரியை ஆன்லைனுக்கு மாற்றிவிட்டு, அந்த நேரத்தை வார்டுக்குக் கொடுத்தால் என்ன?

#1 | வார்டு ஆசிரியர்

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பல மாதமாக மனதில் கிடக்கிற ஒரு கேள்வியை இங்கே போடுகிறேன்.

காலை எட்டு மணிக்கு இறுதியாண்டுக்குத் தியரி. 150 பேர் இருக்க வேண்டும். 60 பேர் வந்தால் அன்றைக்கு நல்ல கூட்டம். மற்றவர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்ல மாட்டேன். அதே பாடத்தை முந்தின இரவே மாரோ, ப்ரெப்லேடர் போன்ற பயிற்சி ஆப்களில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு முடித்திருக்கிறார்கள். மேற்படிப்பு இடத்துக்கான நீட் பிஜி தேர்வு என்றால் 200 கேள்வி, எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அந்தத் தேர்வுக்கு அந்த வீடியோக்கள் என்னைவிட நன்றாகவே தயார் செய்கின்றன. இதை ஒத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். வார்டில் நாற்பது வயதுக்காரர் ஒருவர். மண்ணீரல் தொப்புளைத் தாண்டி வீங்கியிருந்தது. நன்றாகப் படிக்கிற மாணவர் ஒருவரை அழைத்து, மண்ணீரல் இவ்வளவு பெரிதாக என்னென்ன காரணம் என்று கேட்டேன். சி.எம்.எல்., மைலோஃபைப்ரோசிஸ், காலா அசார், நாள்பட்ட மலேரியா என்று மூச்சுவிடாமல் சொன்னார். சரி, தொட்டுப் பாருங்கள் என்றேன். நேராக இடது விலா எலும்புக்குக் கீழே கையை வைத்தார். கை மண்ணீரலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அதன் ஓரம் எப்படித் தட்டுப்படும்? இரண்டு முறை மூச்சை இழுக்கச் சொல்லிவிட்டு, "தட்டுப்படவில்லை சார்" என்றார். படுத்திருந்தவர்தான் அவர் கையைப் பிடித்து வலது அடிவயிற்றில் வைத்து, "இங்கேருந்து மேலே வாங்க தம்பி, பெரிய டாக்டர் இப்படித்தான் பார்ப்பாரு" என்று சொல்லிக்கொடுத்தார்.

அந்த மாணவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. நான்கு வருடத்தில் அந்தக் கையை ஒரு முறைகூட நாங்கள் யாரும் பிடித்து வைக்கவில்லையே என்பதுதான் உறுத்துகிறது.

என் யோசனை இது. தியரியை நாங்களே சின்னச் சின்ன வீடியோவாகப் பதிவு செய்து கொடுத்துவிடலாம். காலை எட்டு மணி வகுப்பின் நேரத்தை அப்படியே வார்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். 2019இல் வந்த பாடத்திட்ட விதிமுறையே, விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கள் துறையில் இன்னும் அதை முழுதாகச் செய்யவில்லை.

மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களான ஹவுஸ் சர்ஜன்கள், மற்ற துறை ஆசிரியர்கள், வார்டில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சொல்லுங்கள். இது எந்த இடத்தில் சறுக்கும்?

#2 | கடைசி வரிசை

சார், நான் இறுதியாண்டு, வேறு கல்லூரி. உங்கள் வகுப்புக்கு வராத தொண்ணூறு பேரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபது ஸ்லைடு, ஐம்பது நிமிடம், புத்தகத்தில் இருக்கிற வரி அப்படியே திரையில். அப்படிப்பட்ட வகுப்புக்கு வர மனசு வருவதில்லை. அதே சமயம் எங்கள் கல்லூரியில் சிறுநீரகப் பாடம் எடுக்கிற மேடம் ஒருவர் இருக்கிறார். அவர் வகுப்பில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. கையில் சாக்பீஸ் மட்டும்தான். ஒரு நோயாளியின் கிரியேட்டினின், பொட்டாசியம், ஈசிஜி, இந்த மூன்றையும் போர்டில் போடுவார். "இப்போ ராத்திரி ரெண்டு மணி. வார்டுல நீ மட்டும்தான் இருக்கே. முதல்ல எந்த மருந்தை எடுப்பே?" என்று யாரையாவது எழுப்பிவிடுவார். ஒரு நாள் நான் மாட்டிக்கொண்டேன். கால்சியம் குளூக்கோனேட் என்று சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அதே பாடத்தை அதற்கு முன் மூன்று முறை வீடியோவில் பார்த்திருந்தேன், கேட்டபோது வாயில் வரவில்லை. இனி சாகும்வரை மறக்காது.

அதனால் தியரியை மொத்தமாகத் தூக்கிவிடாதீர்கள். ஸ்லைடு வாசிக்கிற வகுப்பைத் தூக்குங்கள். மேடம் மாதிரி எடுக்கிறவர்களை விட்டுவையுங்கள்.

இன்னொரு பயமும் இருக்கிறது. கல்லூரி வீடியோ தனி, ஆப் வீடியோ தனி, இரண்டையும் பார்த்தால்தான் அட்டெண்டென்ஸ் என்று வந்துவிட்டால், ஃபோனில் ஓடவிட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள்தான் அதிகமாவார்கள்.

#3 | அரசுப்பள்ளி மாணவி

நான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த முதல் பேட்ச். 2021 பிப்ரவரியில் எங்களுக்கு வகுப்பு ஆரம்பித்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முதல் வாரம் வகுப்பில் பாதிக்கு மேல் புரியவில்லை, எழுந்து கேட்கவும் தைரியம் வரவில்லை. கொஞ்சம் பழகுவதற்குள் இரண்டாவது அலை வந்துவிட்டது. மே மாத ஊரடங்கில் ஊரில் இருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் மட்டும் கிடைக்கும். அப்பாவுடைய ஃபோன். அழைப்பு வந்தால் வகுப்பு அறுந்துவிடும்.

கஷ்டம் அது. அதே நேரம், பாடம் எனக்குப் புரிய ஆரம்பித்ததும் அந்த மரத்தடியில்தான். மேடம் பதிவு செய்து அனுப்பியதை நிறுத்தி, தெரியாத சொல்லைத் தேடிப் பார்த்து, மறுபடி ஓடவிடுவேன். கைக்குப் போகிற நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸ் மட்டும் பதினோரு முறை பார்த்தேன். நேர் வகுப்பில் எந்த ஆசிரியராலும் எனக்காகப் பதினோரு முறை சொல்ல முடியாது. வீடியோவே வேண்டாம் என்கிறவர்கள் எங்களைப் போன்றவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வார்டுக்கு வந்ததும் எல்லாம் மாறியது. நல்ல ஆங்கிலத்தில் படித்து வந்த நண்பர்கள் நோயாளியின் பேச்சில் திணறினார்கள். மதமதப்பு, காந்தல், ஓங்கரிப்பு, கிறுகிறுப்பு, நெஞ்சு கரிக்கிறது, மேல்மூச்சு வாங்குகிறது. இதெல்லாம் என்னென்ன என்று என்னிடம்தான் கேட்பார்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு பாட்டி வந்தார். "வாயு பிடிச்சுக்கிச்சு கண்ணு. நேத்துலேருந்து மேவயித்துல அழுத்துது, குப்புகுப்புன்னு வேர்க்குது" என்றார். கூட இருந்தவன் வாயுத்தொல்லை என்று எழுதப் போனான். எங்கள் தெருவில் வாயு என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். பணியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லி ஈசிஜி எடுத்தோம். இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்.டி. ஏறியிருந்தது. மாரடைப்பு. பாட்டி பிழைத்துக்கொண்டார்.

ஆப்பில் பாடம் எடுப்பவர்கள் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், நடுநடுவே இந்தி கலக்கிறார்கள். மாரடைப்புக்கு நம் ஊர்ப் பாட்டி வாயு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

#4 | உடற்கூறு மேசை

நன்றாக எழுதியிருக்கிறாய் அம்மா. நான் உடற்கூறியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள்.

2019 பேட்ச்சுக்கு உடலை அறுத்துப் படிக்கிற டிசெக்‌ஷன் பாதியில் நின்றது. கை, மார்பு முடித்து, காலில் பாதி. 2020 மார்ச்சில் கல்லூரி மூடினார்கள். மாணவர்கள் கிளம்பிய வேகத்தில் மேசைகளில் உடல்கள் அப்படியே இருந்தன. நானும் ஹாலில் வேலை பார்க்கிற உதவியாளரும் முறை வைத்துப் போய், துணியை மருந்தில் நனைத்துச் சுற்றிவிட்டு வருவோம். விட்டால் காய்ந்து விறைத்துவிடும், பூஞ்சை பிடிக்கும். முதல் நாள் அந்த உடலுக்கு முன்னால் நின்று மரியாதையோடு நடத்துவோம் என்று மாணவர்கள் உறுதிமொழி எடுத்திருந்தார்கள். அதைக் காப்பாற்ற அன்று அங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். டிசம்பரில் மாணவர்கள் திரும்பியபோது நேரம் இல்லை. தலையையும் கழுத்தையும் வீடியோவிலும், முன்பே அறுத்து வைத்திருந்த மாதிரிகளிலும் ஓட்டினோம்.

திரை எங்கே நன்றாக வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கருவியல். கருவில் குடல் 270 டிகிரி சுழன்று வயிற்றுக்குள் இடம்பிடிப்பதை நான் முப்பது வருடம் ஒரு கயிற்றை வைத்துக் காட்டினேன். அசைபடத்தில் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது. திசுவியலும் அப்படித்தான், ஸ்லைடைக் கணினியில் பெரிதாக்கிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அறுத்துப் பார்ப்பதற்கு மட்டும் மாற்று இல்லை என்பேன், அதற்குக் காரணம் இருக்கிறது. உடலைத் திரையில் அறுத்துக் காட்டுகிற கணினி மேசையில் இருப்பது ஒரு சில உடல்கள்தான். பத்து முறை திறந்தாலும் அதே தமனி அதே இடத்தில்தான் இருக்கும். எங்கள் ஹாலில் ஒவ்வொரு மேசையும் வேறு. ஒரு மேசையில் ரேடியல் தமனி முழங்கைக்கு வெகு மேலேயே பிரிந்திருக்கும். ஒரு மேசையில் பால்மாரிஸ் லாங்கஸ் தசையே இருக்காது. ஒரு வருடம் முழங்கை மடிப்பில் அல்நார் தமனி தோலுக்கு அடியிலேயே ஓடியது. சிரை மாதிரியே தெரிந்தது. எல்லா மேசை மாணவர்களையும் கூப்பிட்டு விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நாளைக்கு ஊசி போடும்போது இதைச் சிரை என்று நினைத்து மருந்தை ஏற்றினால் அந்தக் கையே போய்விடக்கூடும் என்றேன். குத்துவதற்கு முன் துடிப்பு இருக்கிறதா என்று விரலால் பார்க்கிற பழக்கம் அன்றிலிருந்து அந்த பேட்ச்சுக்கு வந்தது.

#5 | பேட்ச் 19

மேடம், நீங்கள் சொல்கிற பேட்ச் நான். இப்போது ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் இருக்கிறேன்.

விட்டுப்போனது தினமும் தெரிவதில்லை. திடீரென்று ஒரு நாள் தெரிகிறது. கன்னத்தில் அரிவாள் பட்ட பையன் ஒருவன் வந்தான். காயம் ஆழம். முகத்து நரம்பின் கிளைகளும் எச்சில் குழாயும் அந்த வழியாகப் போகின்றன என்று படத்தோடு தெரியும், வரையச் சொன்னால் வரைவேன். எத்தனை ஆழத்தில் என்பது என் விரலுக்குத் தெரியாது. கட்டுப்போட்டு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினேன். அந்தக் காயத்துக்கு அனுப்பியது சரிதான். ஆனால் நானே தையல் போட்டிருக்கக்கூடிய சில காயங்களையும் பயத்தில் அனுப்பியிருக்கிறேன். அந்தக் குடும்பங்களுக்கு நாற்பது கிலோமீட்டர் பயணம்.

டாக்டர்களே இப்போது அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவையில் வீடியோ வழியாகத்தானே பார்க்கிறார்கள், மாணவர்கள் திரையில் படித்தால் என்ன என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார். நான் அந்தப் பணியும் செய்கிறேன். திரையில் ஒருவர் வயிற்று வலி என்னும்போது, இவரைத் தொட்டுப் பார்க்காமல் விடக் கூடாது, உடனே நேரில் வரச் சொல் என்று எனக்குள் மணி அடிக்க வேண்டும். இறுகிப்போன வயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த மணி அடிக்க ஆரம்பித்தது.

#6 | திரும்பி வந்தவன்

நான் சீனாவில் படித்தவன். இங்கே பலர் ஆன்லைன் வகுப்பைச் சில மாதம் பார்த்தீர்கள். நான் இரண்டரை வருடம் பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2016இல் சேர்ந்தேன். 2020 ஜனவரியில் வசந்த விழா விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். பெட்டியில் நான்கு சட்டை மட்டும்தான் இருந்தது. திரும்பிப் போகவே முடியவில்லை. சீனா மாணவர் விசாவை மறுபடி திறந்தது 2022 ஆகஸ்ட் கடைசியில், அதற்குள் என் படிப்பு காகிதத்தில் முடிந்துவிட்டது. அங்கே காலை எட்டு மணி வகுப்பு என்றால் இங்கே ஐந்தரை. அம்மா டீ போட்டு வைத்துவிட்டுச் சத்தம் வராமல் நடப்பார். அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் எல்லாம் ஒரு சமையலறை மேசையில் முடிந்தது.

பேராசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையாகவே உழைத்தார்கள். தியரியில் நான் பின்தங்கவில்லை. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300 கேள்விக்கு 150 சரியாக இருக்க வேண்டும், முதல் முறையிலேயே தேறினேன். அதுவரை என்னை டாக்டர் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

2022 ஜூலையில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. எங்களைப் போல் திரும்பிவந்து, கடைசி ஆண்டுப் படிப்பை அந்த ஜூன் 30க்குள் முடித்தவர்கள் தேர்வு எழுதலாம், ஆனால் உள்ளிருப்புப் பயிற்சி ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம். எங்கள் குழுவில் எல்லோரும் கொதித்தார்கள், நானும்தான். வயது ஏறுகிறது, வீட்டில் கடன் இருக்கிறது, இன்னும் இரண்டு வருடமா என்று.

முதல் வாரமே அந்தக் கோபம் அடங்கிவிட்டது. ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். ஒரு கட்டடத் தொழிலாளி, கயிறு மாதிரி ரத்தக் குழாய். மூன்று குத்து, கிடைக்கவில்லை. என் கை நடுங்கியதைப் பார்த்து அவரே, "பரவாயில்ல சார், இந்தப் பக்கம் பாருங்க" என்று இன்னொரு கையை நீட்டினார். இருபத்தாறு வயதில், டிகிரி வாங்கிய பிறகு, என் முதல் ரத்தம்.

பிரசவ வார்டு அதைவிட. பிரசவ வீடியோ குறைந்தது இருபது பார்த்திருப்பேன். தலை வெளியே வரும்போது ஒரு கையால் அடியில் தாங்கி, மறு கையால் தலை சட்டென்று வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தெரியும். எவ்வளவு அழுத்த வேண்டும்? எந்த வீடியோவும் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அங்கே இருந்த மூத்த செவிலியர் அம்மா என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். "இவ்ளோதான். இதுக்கு மேல வேணாம்" என்றார். அந்த அழுத்தம் இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பிரசவம் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் அந்தக் கை என் கைமேல் இருக்கிற மாதிரியே படும்.

வார்டு ஆசிரியர் சார், தியரியை ஆன்லைனில் கொடுங்கள். அதனால் யாருக்கும் கெடுதல் வராது, நான் சாட்சி. ஆனால் வார்டு நேரம் உறுதியான பிறகு கொடுங்கள். வகுப்பை எடுத்துவிட்டு வார்டை அப்புறம் பார்க்கலாம் என்றால், அந்த அப்புறம் வரவே வராது.

#7 | எண் பார்ப்பவர்

திரும்பி வந்தவன் சொன்னது ஆய்வுகளோடும் ஒத்துப்போகிறது. 2008இல் ஜாமா மருத்துவ இதழில் மேயோ கிளினிக்கின் டேவிட் குக் குழு, மருத்துவத் துறையினருக்கான இணையவழிக் கல்வி பற்றி 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒன்றுமே கற்பிக்காததோடு ஒப்பிட்டால் இணையவழிக் கல்விக்குப் பெரிய பலன். மற்ற வகைக் கற்பித்தலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பொதுவாகச் சின்னது, அதுவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஆக, திரையா அறையா என்று சண்டை போடுவதைவிட, எதைக் கற்பிக்கிறோம், எப்படிக் கற்பிக்கிறோம் என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

#8 | வார்டு ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. திரும்பி வந்தவன் தம்பி எழுதியதை எங்கள் துறைத் தலைவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

எதைக் கற்பிக்கிறோம் என்பதற்கு என் பங்குக்கு ஒன்று. ஊரடங்கில் மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்கிற இதய வால்வுச் சுருக்கம் பற்றிய வகுப்பை வீடியோவில் எடுத்தேன். அதில் இதயத்தில் கேட்கிற மர்மர் என்ற இரைச்சலின் நல்ல பதிவு ஒன்றை ஓடவிட்டு, கேட்கிறதா என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்கு இங்கே தெளிவாகக் கேட்கிறது! பிறகுதான் புரிந்தது. அந்த மென்பொருள் பின்னணி இரைச்சலை வடிகட்டுகிறது, மர்மரையும் இரைச்சல் என்று எடுத்துப் போட்டுவிட்டது. வடிகட்டலை அணைத்தேன். அப்போதும் ஃபோன் ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டவர்களுக்குக் கேட்கவில்லை. அது கனத்த, தாழ்ந்த சத்தம், அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அதை எழுப்பவே வராது. இயர்ஃபோன் போட்டவர்களுக்கு ஓரளவு கேட்டது.

வார்டில் அதையே கேட்க வேண்டுமானால் நோயாளியை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, துடிப்பு தெரிகிற இடத்தை விரலால் கண்டுபிடித்து, ஸ்டெத்தின் பெல்லை லேசாக வைத்து, மூச்சை வெளியே விடச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். பெல்லைக் கொஞ்சம் அழுத்திவிட்டாலும் சத்தம் போய்விடும். மர்மரைக் கேட்பது என்றால் இத்தனையும் சேர்ந்ததுதான். வீடியோவில் கடைசித் துண்டு மட்டும் வருகிறது, அதுவும் அரைகுறையாக.

#9 | இரவுப் பணி

நான் மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ், பதினாறு வருடம். டாக்டர்கள் பேசுகிற இடத்தில் நடுவில் வருகிறேன், சொல்ல வேண்டியது இருக்கிறது.

வார்டு நேரத்தைக் கூட்டுங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். இப்போது இருக்கிற வார்டு நேரம் எப்படி நடக்கிறது என்று நான் தினமும் பார்க்கிறேன். ஒரு கட்டிலைச் சுற்றி இருபத்தைந்து பேர். முன்னால் நிற்கிற ஐந்து பேருக்குத்தான் நோயாளி தெரிவார், பின்னால் நிற்பவர்கள் ஃபோனைப் பார்க்கிறார்கள். நோயாளி பக்கம் இருந்து பாருங்கள். வயிற்றில் நீர் கோத்த ஒரு அம்மாவின் சேலையை ஒரே காலையில் பன்னிரண்டு பேர் விலக்கிப் பார்த்தார்கள். ஒருவரும் பெயர் கேட்கவில்லை. பன்னிரண்டாவது ஆள் போனதும் அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாட்டுக்கும் எழவில்லை. அவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

நல்ல பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு பையன், டிசம்பர் மாதம், ஸ்டெத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பண்ணிவிட்டு, "அப்பா, கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்" என்று சொல்லித்தான் வைப்பான். கட்டிலைச் சுற்றி மறைக்கிற திரையை அவனே இழுத்துவிடுவான். அவன் யாரிடம் கற்றான் என்று கேட்டேன். அவன் யூனிட் சீஃப் அப்படித்தான் செய்வாராம், பார்த்துக் கற்றுக்கொண்டானாம்.

அப்புறம், காலை எட்டு மணிக்கு வராதீர்கள். ஊசி, மாத்திரை, படுக்கை விரிப்பு, டிபன், குளியல், ரவுண்ட்ஸுக்குத் தயார் செய்வது என்று எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மாலை நாலரையிலிருந்து ஆறு வரை வார்டு அமைதியாக இருக்கும், நோயாளிகளும் பேசுவதற்கு ஆள் தேடுவார்கள். ஒரு கட்டிலுக்கு ஆறு பேர், அதற்கு மேல் வேண்டாம்.

#10 | பனைநிழல்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். 2022இல் எங்களுக்குக் கொரோனா முடிய மின்வெட்டும் பெற்றோல் தட்டுப்பாடும் வந்தது. பஸ் இல்லை, விரிவுரைக்கு வர வழியில்லை, விரிவுரைகளைத் திரும்பவும் ஒன்லைனில் வைத்தார்கள். கரண்ட் எப்ப வரும் எண்டு பார்த்துத்தான் லப்டொப்பைச் சார்ஜ் பண்ணுவம். விரிவுரை விட்டுப்போனால் பிறகு பதிவைப் பார்த்துச் சமாளிக்கலாம். ஆனால் வாட்டுக்குப் போறதை ஒருத்தரும் விடேல்லை. பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் சைக்கிளில வந்தவை இருக்கினம். அந்த நேரம் வாட்டில மருந்துத் தட்டுப்பாடும் இருந்தது. இல்லாத மருந்துக்கு என்ன செய்யிறது எண்டு கன்சல்டன்ட் யோசிச்சு முடிவெடுக்கிறதைக் கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு பார்த்தம். அது எந்தப் பாடத்திட்டத்திலயும் இல்லை.

செவிலியர் அக்கா சொன்ன ஆறு பேர் கணக்கு மிகச் சரி.

#11 | கடைசி வரிசை

எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. தியரி வகுப்பில் ஒரு ஆசிரியர் 150 பேருக்கு ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார். ஆறு ஆறு பேராகப் பிரித்தால் 25 குழு. ஒரு மணி நேரம் 25 மணி நேரம் ஆகிறது. ஆன்லைனால் எங்கள் நேரம் மிச்சமாகும். உங்கள் நேரம் மிச்சமாகாது, கூடத்தான் செய்யும். அந்த ஆள் பலம் எங்கே இருக்கிறது சார்? இதைச் சொல்லாமல் வார்டு வார்டு என்று பேசினால் கடைசியில் வகுப்பும் போய் வார்டும் கிடைக்காமல் நிற்போம்.

#12 | வார்டு ஆசிரியர்

சரியான இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. இரண்டு நாள் இதை வைத்துத்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

150 பேரும் ஒரே நேரத்தில் பொது மருத்துவ போஸ்டிங்கில், அதாவது எங்கள் துறையின் வார்டுப் பயிற்சியில், இருப்பதில்லை. ஒரு சமயத்தில் 30 பேர். அந்த 30 பேரும் ஒரே யூனிட்டில் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்பதால்தான் செவிலியர் அம்மா சொன்ன நிலைமை வருகிறது. எங்களுக்கு ஐந்து யூனிட். யூனிட்டுக்கு ஆறு பேர் என்று பிரித்தால் கணக்கு நேராகிறது. ஐந்து ஆசிரியர்கள் வேண்டும், அது உண்மை. யூனிட்டில் இருக்கிற இரண்டாம், மூன்றாம் ஆண்டு பிஜிக்கள், அதாவது மேற்படிப்பு படிக்கிற டாக்டர்கள், ஆசிரியரோடு முறை போட்டு எடுக்கலாம் என்று அவர்களிடம் பேசினேன். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், வேலைப்பளு அப்படி. மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். தியரி வீடியோ ஒரு முறை எடுத்தால் அடுத்த வருடமும் ஓடும், மாறியதை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். அந்த வகையில் எங்களுக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். மற்ற துறைகளில் போஸ்டிங்கில் இருக்கிற 120 பேர் காலை எட்டு மணி வகுப்பின் நேரத்தை வீடியோ பார்க்கவே வைத்துக்கொள்ளட்டும். வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் அரங்குக்கு வர வேண்டும். அன்றைக்கு ஸ்லைடு கிடையாது. உங்கள் மேடம் முறைதான், போர்டில் ஒரு நோயாளி.

துறைத் தலைவர் ஒரு போஸ்டிங்குக்கு மட்டும் செய்து பாருங்கள் என்றிருக்கிறார். மாலை நாலரை. ஒரு கட்டிலுக்கு ஆறு பேர். தொடுவதற்கு முன் பெயர் சொல்லி, அனுமதி கேட்டு, திரையை இழுக்க வேண்டும். ஒருவரை ஒரு நாளில் இரண்டு பேருக்கு மேல் தொடக் கூடாது, மற்றவர்களுக்கு வேறு நோயாளி. வேண்டாம் என்று நோயாளி சொன்னால் அத்தோடு சரி. ஹிஸ்டரியை, அதாவது நோய் விவரத்தை, நோயாளி சொன்ன சொல்லிலேயே முதலில் எழுத வேண்டும், வாயு என்றால் வாயு. ஆங்கிலத்துக்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். இந்த விதி அரசுப்பள்ளி மாணவி எழுதியதைப் படித்த பிறகு சேர்த்தது.

#13 | அரசுப்பள்ளி மாணவி

சார், அந்தச் சொற்களை நான் ஒரு நோட்டில் சேர்த்துவைத்திருக்கிறேன். ஊருக்கு ஊர் மாறுகிறது, எந்த மாவட்டத்தில் கேட்டது என்றும் குறித்திருக்கிறேன். தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.

#14 | வார்டு ஆசிரியர்

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வீடியோவைப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஐந்து கேள்வி வைத்தோம். முதல் வாரம் பாதிப் பேர் பார்க்காமலே வந்தார்கள். கட்டில் பக்கத்தில் கேள்வி கேட்டபோது தெரிந்துவிட்டது. இரண்டாவது வாரம் பரவாயில்லை. ஐந்து யூனிட்டில் மூன்றில் ஒழுங்காக நடந்தது. ஒன்றில் பிஜிக்கள் பற்றாக்குறை, இரண்டு மாலை விட்டுப்போனது. மற்றொன்றில் ஆசிரியர் பழைய பழக்கத்தில் கட்டில் பக்கத்தில் நின்றே அரை மணி நேரம் விரிவுரை ஆற்றிவிட்டார், பேசிச் சரிசெய்திருக்கிறோம்.

மண்ணீரல் மாணவர் இப்போது வலது அடிவயிற்றிலிருந்து தொடங்குகிறார். ஆனால் அவசரப்படுகிறார், நோயாளி மூச்சை இழுக்கும்போதே கையை நகர்த்திவிடுகிறார். நேற்று அவர் கைமேல் என் கையை வைத்து, மூச்சு உள்ளே போகும்போது அசையாமல் இரு, வெளியே விடும்போது ஒரு விரல் அளவு மேலே போ என்று காட்டினேன். நான்காவது மூச்சில் அவர் முகம் மாறியது, ஓரம் வந்து விரலில் மோதியிருக்கிறது. "சார், வருது" என்றார். திரும்பி வந்தவன் தம்பி, அப்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

#15 | திரும்பி வந்தவன்

சார், இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் காட்டினேன். அடுத்த போஸ்டிங்குக்கும் தொடர்வீர்களா?

#16 | வார்டு ஆசிரியர்

அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். அறுவை சிகிச்சைத் துறையிலிருந்தும் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். செவிலியர் அம்மா, உங்கள் வார்டு மாதிரி இடங்களில் மாலையில் இன்னும் என்ன இடைஞ்சல் வரும் என்று சொன்னால் அடுத்த அட்டவணையில் சேர்த்துவிடுகிறேன்.

#17 | இரவுப் பணி

அட்மிஷன் நாளன்று மாலை யாரையும் அனுப்பாதீர்கள், கட்டிலுக்குக் கட்டில் புது ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், திரை இழுக்கக்கூட இடம் இருக்காது. மறுநாள் அனுப்புங்கள். வருகிற பிள்ளைகளிடம் சின்ன நோட்டு ஒன்று இருக்கட்டும், எந்த நோயாளியை இன்று பார்த்தார்கள் என்று எங்கள் மேசையில் எழுதிவிட்டுப் போகட்டும். அப்போதுதான் ஒரே ஆளை மறுபடி மறுபடி எழுப்ப மாட்டார்கள். அப்புறம் திரை எங்கள் வார்டில் இரண்டுதான் இருக்கிறது, ஒன்றுக்குச் சக்கரம் உடைந்திருக்கிறது. உங்கள் வார்டிலும் முதலில் அதை எண்ணிப் பாருங்கள்.